மூன்று ஊர், மூன்று காபிக் கடை, ஒரே ஆவி

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர், வக்கீலான எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அடையாளம் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இது.

அவருடைய அப்பா 1968 முதல் டவுனுக்குள் காபி கிளப் நடத்தியவர். வயதாகிவிட்டது, கடை இப்போது காலையில் மட்டும் திறக்கிறது. மகன் சென்னையில் பார்த்த ஐடி வேலையை விட்டுவிட்டு வந்து, தஞ்சாவூர் – கும்பகோணம் சாலையில் புதிதாக ஒரு காபிக் கடை போட்டார். தாத்தா பெயரில் இருந்த பழைய கடைப்பெயர் ‘ரொம்ப லோக்கலாக’ இருக்கிறது என்று அதை விட்டுவிட்டு, ‘டிகிரி காபி’ என்று முடிகிற ஓர் ஆங்கிலப் பெயரை வைத்தார். தெரிந்த டிசைனருக்கு 38,000 ரூபாய் கொடுத்து லோகோ, மெனு கார்டு, போர்டு எல்லாம் செய்துகொண்டார். வட்டத்துக்குள் கோட்டோவியமாக டபரா டம்ளர், மேலே ஆவி, சுற்றிலும் புள்ளிக் கோலம், கிரீம் நிறத்தின் மேல் அடர்பழுப்பு எழுத்து.

எட்டு மாதம் கழித்துத் திருவாரூரில் ஒரு கடை திறந்தது. பெயர் வேறு, ஆனால் அதே வட்டம், அதே டம்ளர், அதே பழுப்பு. பிறகு மன்னார்குடியில் இன்னொன்று. “திருவாரூர்ல பிராஞ்ச் போட்டுட்டீங்களா?” என்று நாலு பேர் கேட்டதும் இவருக்குப் பொறுக்கவில்லை. திருவாரூர்க் கடைக்காரரின் முகத்தைக் காட்டி, ‘டிசைன் திருடன்’ என்று தலைப்பு வைத்து ஒரு ரீல் போட்டுவிட்டார். அது ஊரெல்லாம் சுற்றுகிறது. இப்போது ஐந்து லட்சம் நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறார். மனைவி ‘விட்டுத் தொலைங்க’ என்கிறார். அப்பாவோ, “எல்லா போர்டும் ஒரே மாதிரிதாண்டா இருக்கு. பஸ்ஸுல வர்றப்ப நம்ம கடை எதுன்னு எனக்கே தெரியல” என்கிறார். கடிதத்தின் கடைசி வரி: ‘மேடம், இது திருட்டா, இல்லை உலகமே இப்படி ஆகிவிட்டதா?’

தம்பி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். நோட்டீஸ் அனுப்பலாமா கூடாதா என்பதற்கான விடை அதில்தான் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய மூன்று லோகோக்களையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆவி மூன்று அலையாக எழும்புகிறது. நடுக்கோடு கொஞ்சம் உயரம். வலப்பக்கக் கோடு பாதியில் ஒரு மயிரிழை அறுந்து மறுபடி தொடர்கிறது. அந்த அறுந்த இடம் மூன்று லோகோவிலும் இருக்கிறது, அதே உயரத்தில். அப்புறம் டபராவைப் பாருங்கள். டபரா என்றால் விளிம்பு நிமிர்ந்திருக்க வேண்டும், காபியை ஊற்றி ஆற்றுகிற அளவு ஆழம் வேண்டும். காபிக் கடை வீட்டுப் பிள்ளைக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் லோகோவில் இருப்பது தட்டையான ஒரு சாஸர். பீங்கான் கோப்பையின் காதை அழித்து டம்ளராக்கிய உங்கள் டிசைனர், கீழே இருந்த சாஸரை அப்படியே விட்டுவிட்டார். மன்னார்குடி லோகோவில் காதும் முழுசாக அழியவில்லை. டம்ளரின் வலப்பக்கத்தில் ஒரு சின்ன மேடு தெரிகிறது.

அந்த மேடுதான் விஷயம். மன்னார்குடிக்காரர் உங்களுடையதைப் பார்த்து எடுத்திருந்தால் அது வந்திருக்காது, ஏனென்றால் உங்களுடையதில் காது சுத்தமாக அழிந்திருக்கிறது. அவர் கைக்கு வந்தது காதோடு கூடிய மூலப் படம். என் அலுவலக ஜூனியரிடம் படத்தை வைத்துத் தேடச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோப்பை கிடைத்துவிட்டது, ஒரு டெம்ப்ளேட் தளத்தில், அதாவது யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளத் தயாராக டிசைன்களை வைத்திருக்கும் இணையதளத்தில், அறுந்த ஆவியோடு. ஆக, உங்களிடமிருந்து யாரும் எடுக்கவில்லை. மூன்று பேரும் ஒரே இடத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள்.

வாடகைப் பாத்திரத்துக்கு உரிமை கொண்டாட முடியாது

இத்தகைய தளங்களில் பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் உங்களுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டும்தான். அதே அனுமதி உலகத்தில் யாருக்கும் கிடைக்கும். கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரக் கடையில் அண்டா எடுத்து வருகிறோம். அடுத்த முகூர்த்தத்தில் அதே அண்டா வேறு மண்டபத்தில் இருந்தால், போய்ச் சண்டை போட முடியுமா? 2013-ல் தொடங்கிய கேன்வா போன்ற தளங்கள் தங்கள் விதிமுறையிலேயே எழுதி வைத்திருக்கின்றன: அங்கே இருக்கும் ஸ்டாக் படங்களையும் (எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் படங்கள்) டெம்ப்ளேட்டுகளையும் வைத்துச் செய்த லோகோவை டிரேட்மார்க்காக, அதாவது வணிகக் குறியாக, பதிவு செய்யக் கூடாது, வெறும் கோடு, அடிப்படை வடிவம், எழுத்துரு ஆகியவற்றுக்குத்தான் விலக்கு. இதை யாரும் படிப்பதில்லை. டிசைனர்களும் படிப்பதில்லை.

‘38,000 கொடுத்திருக்கிறேன், லோகோ என்னுடையதுதானே?’ என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பலரும் நினைப்பது இதுதான், ஆனால் சட்டம் அப்படி இல்லை. 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி ஒரு கலைப்படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவர். உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவர் வரைந்தால் அது உங்களுடையது. வெளியிலிருந்து வந்த டிசைனர் வரைந்தால், கையெழுத்திட்ட ஒப்படைப்புப் பத்திரம் இருந்தால்தான் உங்கள் கைக்கு மாறும். அந்தப் பத்திரத்தில் எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்களிடம் இருப்பது ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் அரட்டையும். சரி, பத்திரம் வாங்கியிருந்தாலும் இந்த லோகோவுக்கு அது உதவாது. டிசைனருக்கே சொந்தமில்லாததை அவர் எப்படி எழுதிக் கொடுப்பார்?

டம்ளரின் வடிவத்தை டிசைன் சட்டத்தில் பதிவு செய்யலாமா என்ற கேள்விக்கு ஒரே வரி: 2000-ம் வருடத்து டிசைன் சட்டம் புதிதாக, முன்பு வெளியாகாததாக இருப்பதைத்தான் பதிவு செய்யும். பித்தளை டபரா டம்ளர் உங்கள் தாத்தா காலத்துக்கும் முந்தையது.

பழுப்பும் கிரீமும் பற்றி நீங்கள் எழுதியதில் கொஞ்சம் நியாயம் உண்டு. நிறச் சேர்க்கைக்குப் பாதுகாப்பு கிடைக்கும். 2003-ல் டெல்லி உயர் நீதிமன்றம் கோல்கேட்டின் சிவப்பு–வெள்ளைச் சேர்க்கையை ஆங்கர் பற்பொடி பயன்படுத்தத் தடை விதித்தது. ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்தாலே கோல்கேட் என்று ஜனங்களுக்குப் பதியும் அளவுக்குப் பல வருட விற்பனையும் விளம்பரமும் அதன் பின்னால் இருந்தன. உங்களுக்கு எட்டு மாதம். அதோடு காபிக்குப் பழுப்பு என்பது யாருக்கும் முதலில் தோன்றுகிற நிறம்.

ஏன் எல்லாமே ஒரே மாதிரி ஆகிறது?

வக்கீலிடம் கேட்கிற கேள்வி இல்லை இது என்று தெரியும். ஆனால் இது புரியாமல் அடுத்த லோகோ போட்டால் அதற்கும் இதே கதிதான்.

முதலில் கைக்கு எட்டுகிற சரக்கு. கணினியில் இலவசமாகக் கிடைக்கும் நல்ல தமிழ் யூனிகோட் எழுத்துருக்கள் அப்படி ஒன்றும் அதிகமில்லை. பலூ தம்பி, முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் என்று கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இருக்கிற சிலதுதான் எல்லோர் கையிலும் சுற்றுகின்றன. செய்தவர்களைக் குறை சொல்லவில்லை, அருமையான வேலை. யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்தும் கொடுத்திருக்கிறார்கள். விளைவு என்னவென்றால், மயிலாடுதுறை பேக்கரிக்கும் திருவையாறு பல் ஆஸ்பத்திரிக்கும் ஒரே உருண்டை எழுத்து. டிசைனர் சோம்பேறி என்று சொல்லிவிடுவது சுலபம். இரண்டு நாளில் லோகோ, மெனு, போர்டு, விசிட்டிங் கார்டு எல்லாம் வேண்டும் என்று கேட்கிறவர்கள் நாம்தான்.

அடுத்தது, போர்டு செய்கிற பொருள். இதை டிசைன் பேசுகிறவர்கள் சொல்ல நான் அதிகம் கேட்டதில்லை; போர்டுத் தகராறு வழக்குகளில் பட்டறைக்காரர்களைக் குறுக்கு விசாரணை செய்து நான் தெரிந்துகொண்டது. இப்போது கடை முகப்பு என்றால் ஏசிபி (அலுமினியக் கலப்பு) ஷீட், அதன் மேல் எல்இடி வைத்த அக்ரிலிக் எழுத்து. ஷீட் 8 அடிக்கு 4 அடி வரும். அதை வெட்டாமல் ஒட்டினால் செலவு குறைவு, அதனால் எல்லா முகப்பும் ஒரே அளவுக் கட்டமாகப் பிரிகிறது. எழுத்துக்குள் எல்இடி உட்கார வேண்டுமானால் கோடு தடிமனாக இருக்க வேண்டும். கையால் எழுதிய தமிழ் எழுத்தின் மெல்லிய வாலும் சின்னச் சுழியும் அதற்குள் விளக்குக்கு இடம் தராது. பட்டறைக்காரர் சொல்வார்: “சார், இந்த ‘ணை’ வேணாம், இங்கிலீஷ்ல போட்டுக்கலாம், நீட்டா இருக்கும்.” கூலியும் எழுத்தின் உயரத்துக்கு இன்ச் கணக்கு. ஆங்கிலத்தில் குட்டையாக ஒரு பெயர், தடித்த எழுத்து, பின்னால் வெளிச்சம் என்று முடிவது ரசனையால் மட்டும் இல்லை, பட்டறைக் கணக்காலும்தான்.

மூன்றாவது, கைபேசித் திரை. உங்கள் லோகோவை முதலில் பார்க்கிறவர் அதை விரல்நுனி அளவு வட்டத்துக்குள் பார்க்கிறார். அந்த அளவில் நுணுக்கம் எதுவும் தெரியாது. 2012-ல் விண்டோஸ் 8, 2013-ல் ஐபோனின் ஐஓஎஸ் 7 என்று பெரிய கம்பெனிகள் நிழலும் மினுக்கும் இல்லாத தட்டை வடிவத்துக்குப் போன பிறகு எல்லோரும் பின்னால் போனார்கள். நமக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்காதீர்கள். பாரிஸ், லண்டன் ஃபேஷன் கம்பெனிகளே ஒவ்வொன்றாகத் தங்கள் பழைய எழுத்தைக் களைந்துவிட்டு ஒரே மாதிரித் தடித்த எழுத்துக்கு மாறின. 2012-ல் சான் லோரான், 2017-ல் பலென்சியாகா, 2018-ல் பர்பெரியும் பால்மெய்னும். நான்கையும் பக்கத்தில் வைத்தால் ஒரே கம்பெனியின் நான்கு கிளை என்றுதான் தோன்றும். அவர்களுக்குப் பணத்துக்கோ டிசைனருக்கோ குறைவா? பர்பெரி மட்டும் 2023-ல் தன் பழைய குதிரை வீரனைத் திரும்பக் கொண்டுவந்தது.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது பயம். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், டிசைனருக்கு முதலில் அனுப்பியது சென்னையில் பார்த்த நான்கு கஃபேக்களின் போட்டோ என்று. போட்ட முதல் திரும்பி வருமோ என்ற கவலையில் இருப்பவர், ஏற்கெனவே ஓடுகிற கடை மாதிரிதான் கேட்பார். திருவாரூர்க்காரரும் அதே நான்கு போட்டோவை அனுப்பியிருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. இப்போது ஏஐயிடம் கேட்டாலும் இதே வட்டம்தான் அனேகமாக வரும். இருக்கிற லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் படித்த கருவி, அவற்றில் அதிகம் வருவதைத்தானே திருப்பித் தரும்?

ஒரு இடத்தில் உங்களோடு எனக்கு மாறுபாடு உண்டு. ‘அந்தக் காலத்தில் ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு மாதிரி இருந்தது’ என்கிறீர்கள். அப்படியா? சிவகாசியில் அச்சடித்த ஒரே லட்சுமி படம்தான் தஞ்சை ஜில்லா மளிகைக் கடை காலண்டர்களிலெல்லாம் சிரித்தாள். கீழே கடைப் பெயர் மட்டும் மாறும். அக்ரஹாரத்து வீடுகள் திண்ணை, ரேழி, முற்றம் என்று வரிசையாக ஒரே வரைபடம்தான். ஒரே மாதிரி இருப்பது புதுசு இல்லை. சுவாமிமலையில் ஸ்தபதிகள் செய்கிற நடராஜர் எல்லாமே சாஸ்திரம் சொன்ன தாள அளவுப்படிதான் (உடலுறுப்புகளின் விகிதக் கணக்கு). ஆனால் ஒவ்வொரு சிலைக்கும் மெழுகில் புதிதாக உருப்பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, உலோகம் ஊற்றி, அந்த மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்கிறார்கள். விதி ஒன்று, கை வேறு. அதனால் தெரிந்தவர்களுக்கு இது யார் பட்டறை என்று முகத்தைப் பார்த்தே சொல்ல முடிகிறது. உங்கள் மூன்று கடை விஷயத்தில் விதியும் ஒன்று, கணினிக் கோப்பும் ஒன்று. சட்டம் தேடுவதும் இந்த வித்தியாசத்தைத்தான்: பொதுவாக எல்லோரும் செய்வதைத் தாண்டி உங்களுடையது என்று அதில் என்ன இருக்கிறது?

நீங்கள் தூக்கிப் போட்டதுதான் உங்கள் சொத்து

உங்களுடையது என்று ஒன்று இருந்தது. தாத்தா பெயரோடு ‘காபி கிளப்’ என்று 1968 முதல் தொங்குகிற அந்தப் போர்டு. அதைத்தான் லோக்கல் என்று விட்டுவிட்டீர்கள்.

டிரேட்மார்க் சட்டத்தில் மதிப்பு குறைந்த சொற்கள் எவை தெரியுமா? பொருளையே விவரிக்கிற சொல்லும் ஊர்ப் பெயரும். 1999-ம் வருடத்துச் சட்டத்தின் 9-ம் பிரிவு இவற்றைப் பொதுவாகப் பதிவு செய்ய மறுக்கும். ‘டிகிரி காபி’ என்பதை நீங்களும் நானும் நெடுஞ்சாலையில் இருக்கிற நூறு கடைகளும் பயன்படுத்தலாம். லோகோவோடு சேர்த்துப் பதிவானாலும், 17-ம் பிரிவுப்படி அந்தப் பொதுவான பகுதிக்குத் தனி உரிமை கிடையாது. ஆனால் குடும்பப் பெயரோடு ஐம்பது வருடத்துக்கு மேல் விடாமல் ஓடுகிற கடைப்பெயருக்குப் பதிவே இல்லாவிட்டாலும் பாதுகாப்பு உண்டு. பின்னால் வேறொருவர் அதே பெயரைப் பதிவு செய்தாலும், முன்பிருந்தே பயன்படுத்துகிறவரை அசைக்க முடியாது என்று 34-ம் பிரிவு சொல்கிறது.

பெயருக்குச் சட்டம் எவ்வளவு மரியாதை தருகிறது என்பதற்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. ‘ஸ்ரீ அம்பாள்’ மூக்குப்பொடி இருக்கும்போது ‘ஸ்ரீ ஆண்டாள்’ பெயரில் இன்னொரு மூக்குப்பொடியைப் பதிவு செய்யக் கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அம்பாளும் ஆண்டாளும் வேறு வேறு தெய்வம் என்பது யாருக்குத்தான் தெரியாது? ஆனாலும் காதில் விழும்போது குழப்பும் என்று 1969-ல் ஆண்டாளுக்குப் பதிவை மறுத்துவிட்டார்கள். படத்துக்கும் இப்படிப் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. 1972-ல் பார்லே பிஸ்கட் வழக்கில், பண்ணை வீடு, நடுவில் ஒரு பெண், சுற்றி மாடும் கோழியும் இருந்த உறையைப் போல இன்னொரு கம்பெனி பெண்ணும் பசுவும் கன்றும் போட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் எண்ணக் கூடாது, அரைகுறை ஞாபகத்தோடு கடைக்கு வருகிறவர் ஏமாறுவாரா என்றுதான் பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். பார்லேவின் அந்தப் பண்ணைக்காட்சி அவர்களுடையது, பதிவும் இருந்தது. உங்கள் டம்ளர் அப்படியில்லை.

“பிராஞ்ச் போட்டுட்டீங்களா?” என்று நாலு பேர் கேட்டது வழக்குக்கு உதவாதா என்று தோன்றும். உதவும்தான், ஆனால் போதாது. பதிவில்லாத மார்க்குக்கு வழக்குப் போட வேண்டுமானால், உங்கள் கடைக்கென்று நற்பெயர் இருக்கிறது, எதிராளி தன் சரக்கை உங்களுடையது போலக் காட்டினார், அதனால் உங்களுக்கு நஷ்டம் என்று மூன்றையும் காட்ட வேண்டும். நடுவில் இருப்பது நிற்காது. அவர் காட்டியது டெம்ப்ளேட்டை, உங்களை அல்ல.

நோட்டீஸ் அனுப்பினால் என்ன ஆகும்?

அவருடைய வக்கீல் டெம்ப்ளேட் தளத்தின் இணைப்பைப் பதிலோடு சேர்த்து அனுப்புவார். அதோடு நின்றால் உங்கள் நல்ல நேரம். டிரேட்மார்க் சட்டத்தின் 142-ம் பிரிவு, ஆதாரமில்லாமல் வழக்குப் போடுவதாக மிரட்டினால், மிரட்டப்பட்டவரே நீதிமன்றத்துக்குப் போய்த் தடையும் நஷ்டஈடும் கேட்கலாம் என்கிறது. அப்படியே நீங்கள் வழக்குப் போட்டாலும், பதிவில்லாத மார்க் என்பதால் பெரும்பாலும் எதிராளி தொழில் செய்கிற திருவாரூர் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் நீங்கள் அலைய வேண்டும். பதிவான மார்க் என்றால் உங்கள் ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம். பதிவு செய்வதில் இப்படி ஒரு லாபம் இருப்பது நிறைய வியாபாரிகளுக்குத் தெரியாது. வணிக நீதிமன்றச் சட்டத்தின்கீழ் வருகிற வழக்காக இருந்து, அவசர இடைக்காலத் தடை கேட்கவில்லை என்றால், முதலில் சமரசத்துக்குப் போய்விட்டுத்தான் வழக்கே போட முடியும். அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தீர்த்துச் சொல்லிவிட்டது. இத்தனையும் செய்து கடைசியில் நீங்கள் பெறப்போவது என்ன? நான் உங்கள் வக்கீலாக இருந்தால் இந்த நோட்டீஸை அனுப்ப மாட்டேன்.

எனக்கு இதைவிடக் கவலை அந்த ரீல். ஒருவர் முகத்தைக் காட்டி ‘திருடன்’ என்று போட்டிருக்கிறீர்கள். திருட்டு நடக்கவில்லை என்பதற்கு உங்கள் லோகோவே சாட்சி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ம் பிரிவில் அவதூறுக்கு இரண்டு வருடம் வரை தண்டனை உண்டு. சிவில் நஷ்டஈடு தனி. இன்று ராத்திரியே எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டு அவருக்கு ஒரு போன் போடுங்கள். “கோபத்துல போட்டுட்டேங்க, விசாரிச்சதுல ரெண்டு பேரும் ஒரே எடத்துலேர்ந்துதான் எடுத்திருக்கோம்” என்று சொன்னால் போதும். எழுத்தில் எதுவும் அனுப்ப வேண்டாம். நேரில் போனால் இன்னும் நல்லது. அவரும் இதே மாதிரி யாருக்கோ பணம் கொடுத்து ஏமாந்தவர்தான். தனக்கும் புது லோகோ வேண்டும் என்று அவரே கேட்டாலும் கேட்பார்.

டிசைனர் விஷயம். ‘ஒரிஜினல் டிசைன்’ என்று வாட்ஸ்அப்பில் அவர் உறுதி சொல்லியிருக்கிறாரா, தேடிப் பாருங்கள். சொல்லியிருந்தால் அது வாக்குத் தவறியதுதான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணமில்லாமல் புகார் கொடுக்க வழி இருக்கிறது; ‘வியாபாரத்துக்கு வாங்கிய சேவை’ என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும், சுயதொழில் பிழைப்புக்கு என்று நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் அவரைக் கூப்பிட்டு, அந்த ஆவியின் அறுந்த இடத்தைக் காட்டி, புதிதாக வரைந்து கொடுக்கச் சொல்லுங்கள். மனசாட்சி உள்ளவராக இருந்தால் செய்வார். இந்த முறை ஒப்படைப்புப் பத்திரத்தோடு: நிரந்தரமாக, உலகம் முழுக்க, எல்லா உரிமையும் என்று தெளிவாக எழுதி, ‘எந்த டெம்ப்ளேட்டும் ஸ்டாக் படமும் பயன்படுத்தவில்லை’ என்ற ஒரு வரியோடு.

புதிதாக எதை வரைவது? அது என் வேலை இல்லை. ஆனால் அப்பாவின் பழைய போர்டை ஒரு நல்ல போட்டோ எடுத்து அனுப்புங்கள். நீங்கள் அனுப்பிய மங்கலான படத்தில் ‘கிளப்’பின் ‘ப்’ மேலிருக்கும் புள்ளியை ஓவியர் ஒரு காபிக்கொட்டையாகப் போட்டிருப்பது போலத் தெரிகிறது. நிஜமாகவே அப்படித்தானா? அப்படியென்றால் அதை எந்த டெம்ப்ளேட்டும் தராது. எழுதிய ஓவியர் உயிரோடு இருந்தால் போய்ப் பாருங்கள். கலைப்படைப்பின் பதிப்புரிமை படைத்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 வருடமும் நீடிக்கும். ஆகவே அவரிடமோ வாரிசுகளிடமோ ஒரு தொகை கொடுத்து, எழுதி வாங்கிக்கொண்ட பிறகே அந்த எழுத்தைப் புது லோகோவில் சேர்க்க வேண்டும். நம்ம வீட்டுப் போர்டுதானே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்இடி எழுத்தாக அது வராது என்று பட்டறைக்காரர் சொன்னால், தகரத்தில் எழுதி மேலிருந்து விளக்குப் போடச் சொல்லுங்கள். முன்பெல்லாம் அப்படித்தானே இருந்தது.

அப்புறம் பழைய பெயரைப் பதிவு செய்துவிடலாம். பதிவில் பொருளையும் சேவையையும் வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்: காபிக் கடைச் சேவைக்கு 43-ம் வகுப்பு, காபித்தூள் பாக்கெட் போட எண்ணமிருந்தால் 30-ம் வகுப்பும். தனிநபருக்கு இணைய வழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் அரசுக் கட்டணம். அதற்கு முன் அதே மாதிரிப் பெயர் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று டிரேட்மார்க் பதிவகத் தளத்தில் இலவசமாகவே தேடிப் பார்க்கலாம். ஆட்சேபணை இல்லையென்றால் பதிவகத்தின் டிரேட்மார்க் இதழில் வெளியாகும்; அதிலிருந்து நான்கு மாதம் மற்றவர்கள் எதிர்க்கலாம்; பிறகு பதிவு, 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம். 1968 முதல் பயன்படுத்துவதாகச் சொல்ல ஆதாரம் வேண்டும். நகராட்சி லைசென்ஸ், பழைய பில் புத்தகம், கரண்ட் பில், கோயில் திருவிழா மலரில் அப்பா கொடுத்த விளம்பரம், எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். கடை அப்பா பெயரில் இருக்கிறது, நீங்கள் தனியாகப் புதுக்கடை போட்டிருக்கிறீர்கள். ஆகவே விண்ணப்பம் அப்பா பெயரிலா, இருவரும் சேர்ந்து பங்குதாரராகவா என்பதை முதலிலேயே வீட்டில் பேசி முடிவு பண்ணுங்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பெயருக்காக அண்ணன் தம்பி கோர்ட்டுக்கு வருவதை நான் நிறையப் பார்க்கிறேன்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, படத்தில் கண்ணில் பட்டது. உங்கள் போர்டில் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்து இருக்கிறது. டெம்ப்ளேட்டிலேயே அழகுக்கு இருந்ததை டிசைனர் விட்டுவிட்டார் போல. பதிவான மார்க் என்பதற்கான அடையாளம் அது; பதிவாகாத மார்க்கைப் பதிவானது என்று காட்டுவது டிரேட்மார்க் சட்டத்தின் 107-ம் பிரிவின்படி தவறு, திருவாரூர் வக்கீல் முதலில் பிடிக்கப்போவதும் அதைத்தான். புதுப் போர்டு வரும்வரை காத்திருக்காமல் ஏணி போட்டு ஒரு பழுப்பு ஸ்டிக்கரையாவது இந்த வாரமே அதன் மேல் ஒட்டச் சொல்லுங்கள். ‘டிஎம்’ என்று போட்டுக்கொள்வதற்குப் பதிவு தேவையில்லை.